மதகிலிருந்து முந்நூற்று நாற்பது மீட்டர்

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் போடவேண்டும், பின்னால் அல்ல.

முதலில் மன்னிப்பு. கண் பரிசோதனைக்காக நகரத்துக்குப் போய் நாலு நாளில் வந்துவிடுவேன் என்று உன்னிடம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நான் எல்லையைத் தாண்டி, அந்தக் காலத்தில் நம் படை சண்டை போட்ட ஊருக்கு வந்திருக்கிறேன். இப்போது இங்கே சுற்றுலா அழைத்துவருகிறார்கள். பதினான்கு பேர் கொண்ட குழு, எல்லோரும் நம் பக்கத்தவர்கள். வழிகாட்டி மஞ்சள் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். நாங்கள் தொலைந்து போகாமல் இருப்பதற்காம்.

நேற்று ஒரு மேட்டைக் காட்டி, "இங்கேருந்துதான் பீரங்கி சுட்டாங்க" என்றார் குடைக்காரர். அது நம் ஆட்களின் சமையல் கூடம். படையின் வரைபடங்களில் அந்த மேட்டை நானே என் கையால் பதினோரு தடவை வரைந்திருக்கிறேன். திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தினால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்லவந்ததை விட்டுவிடுவேன். கடிதத்தில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். குழு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. நான் சில நாள் தங்க நேரலாம். கோபப்படாதே.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இரத்த அழுத்தம் நூற்று அறுபது. காரணம் என்ன என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

எழுபத்து மூன்று வயதில் பொய் சொல்லிவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கண் டாக்டர் என்ன சொன்னார் என்று என் மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நானும் சேர்ந்து பொய் சொல்லவேண்டியதாயிற்று.

உலகத்தில் வேறு ஊரே இல்லையா? அந்த ஊரின் பெயரை என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, இருந்தவரைக்கும் இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. டிவியில் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவார். நீங்கள் கூட்டத்தோடு போய் மேட்டைப் போட்டோ பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சில நாள் என்றால் எத்தனை நாள்? எண்ணிக்கை போட்டு எழுதுங்கள். உங்களுக்குத்தான் எல்லாவற்றிலும் எண்ணிக்கை பிடிக்குமே.

தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நூற்று அறுபது அதிகம். உப்பைக் குறை.

குழு போய்விட்டது. நான் ஒரு தையல்கார அம்மாவின் வீட்டில் பின்னறையை எடுத்துக்கொண்டு தங்கியிருக்கிறேன். ஐம்பது வயதிருக்கும். முன்னறையில் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் தைக்கிறார். இடது காலால் மட்டும் மிதித்தே மெஷினை ஓட்டுகிறார், ஆனாலும் நல்ல வேகம். அதிகம் பேசமாட்டார். நான் எந்தப் பக்கம் என்று முதல் நாளே கேட்டார், சொன்னேன். "சாப்பாட்டுல காரம் ஒத்துக்குமா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

இனி உன்னிடம் மறைக்கக் கூடாது. டிசம்பரில் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். இங்கே வாய்க்காலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் பெரிய வெற்றிடத்தில் பேருந்து நிலையம் கட்டப்போகிறார்கள். அந்த இடத்தில் கண்ணிவெடி புதைத்தது மாப்பிள்ளையின் பிரிவு. அவர் கொண்டுவந்த குறிப்பை வைத்துப் படம் வரைந்தது நான். சமாதானம் ஆனபோது நம் அரசாங்கம் இவர்களிடம் கொடுத்த படங்களில் அதுவும் ஒன்று.

உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். திசைகாட்டி முள் காட்டும் வடக்கும் படத்தின் வடக்கும் ஒன்றல்ல. இந்தப் பகுதியில் ஐந்து டிகிரி வித்தியாசம். களத்திலிருந்து வரும் கோண எண்ணோடு அந்த ஐந்தைக் கூட்டித்தான் படத்தில் கோடு இழுக்கவேண்டும். கூட்டிவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தாளின் வலது கீழ் மூலையில் ஒரு டிக் போடுவது என் வழக்கம். இந்த ஒரு தாளில் அந்த டிக்கைப் போட்டேனா என்பது முப்பத்தைந்து வருடமாக எனக்கு ஞாபகம் வரவில்லை. வாய்க்கால் மதகின் மூலையிலிருந்து வெடி வரிசைக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் ஐந்து டிகிரி பிசகினால், வெடி வரிசை முப்பது மீட்டர் தள்ளிப் போய்விடும்.

இங்கே ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுலாவின் கடைசி நாளில் குடைக்காரர் எங்களை அங்கே அழைத்துப் போனார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என் தாள் இருந்தது. என் எழுத்து, என் மை. கீழே அட்டையில் 'எதிரித் தரப்பு ஒப்படைத்த பொய் வரைபடம்' என்று அச்சடித்திருந்தார்கள். படத்தில் காட்டிய இடத்தில் தோண்டினார்களாம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். நாமே எடுத்துக்கொண்டு போயிருப்போம், இவர்களை அலைக்கழிக்கத்தான் படத்தைக் கொடுத்தோம் என்று முடிவு கட்டி, இடம் சுத்தம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். எடுக்க நேரமே இருக்கவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் குனிந்து மூலையைப் பார்த்தேன். டிக் இருந்தது.

நிம்மதி வந்திருக்கவேண்டும், வரவில்லை. ஐந்தை நான் கூட்டியிருக்கிறேன், ஆனாலும் வெடி அங்கே இல்லை. அப்படியானால் மாப்பிள்ளை தன் குறிப்பிலேயே ஒருமுறை கூட்டியிருந்தாரா? அல்லது நான் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டு டிக் போட்டேனா? முதலாவது என்றால் வரிசை வீடுகளின் பக்கம் இருக்கும், இரண்டாவது என்றால் வாய்க்கால் பக்கம். அவருடைய களக் குறிப்பு நோட்டைப் பார்க்காமல் சொல்லமுடியாது. நீல நிறத் துணி அட்டை போட்டது. அதைத் தேடி, பதிவுத் தபாலில் அனுப்பு.

எண்ணிக்கை கேட்டாய். நோட்டு வரும்வரை.

உன் அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணனுக்கு,

தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். மாடிக் குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் இல்லை. குழாய்க்காரன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமலே இருந்தான். வந்த அன்றைக்கு வேறு இடத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போனான். என் மகளுக்கு அலுவலகத்தில் இடமாற்றம் வரும்போல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார். அது நான் கதவைத் திறந்தால் மட்டும் குரைக்கிறது. எனக்கு உப்பில்லாத சாப்பாடு. உங்களுக்குக் காரம் போட்ட சாப்பாடு.

நீங்கள் கேட்ட நோட்டு எதுவும் இங்கே இல்லை.

அந்தத் தையல்கார அம்மா ஏன் ஒரு காலால் மிதிக்கிறார்? வாதமா? பெரிய நோயாளி வீட்டில் போய்ப் பாரமாக உட்கார்ந்திருக்கிறீர்களா? எப்போது வருகிறீர்கள்?

தங்கை


மே 14

அன்புத் தங்கைக்கு,

குழாய் சரியானதா? சரியாகாவிட்டால் பழைய ஆளைக் கூப்பிடு. பேசிக் கழுத்தறுப்பான், ஆனால் வேலை தெரிந்தவன்.

நோட்டு இருக்கிறது, அம்மா. நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை தவறிய வருடம் அவருடைய துணிகளை எடுத்துக் கொடுக்கும்போது நீ அதை இரும்புப் பெட்டியின் அடியில் கம்பளிக்குக் கீழே வைத்தாய். நான் அறை வாசலில் நின்றேன், நீ பார்க்கவில்லை. இப்படிச் சொல்லவேண்டி வந்ததில் எனக்கு வருத்தம்தான்.

நகராட்சி அலுவலகத்துக்கு ஏழு தடவை போய்விட்டேன். மூன்றாம் ஜன்னலில் ஐந்தாம் ஜன்னலுக்கு அனுப்புகிறார்கள். ஐந்தாம் ஜன்னல்காரர் எப்போதும் மூன்றாம் ஜன்னலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஒரு பொறியாளரைப் பார்க்கவிட்டார்கள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"இடம் சுத்தம்னு கையெழுத்தாகி இருபது வருஷம் ஆச்சு, பெரியவரே. போட்டவரே ஓய்வு வாங்கிட்டார்."

நான் தவறு நடந்த விதத்தை விளக்கினேன். பேப்பரில் வரைந்தும் காட்டினேன்.

"சரி, எந்தப் பக்கம் தள்ளித் தோண்டச் சொல்றீங்க? வீட்டுப் பக்கமா, வாய்க்கால் பக்கமா?"

இரண்டில் ஒன்று என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க ஞாபகத்தை நான் ஃபைல்ல வைக்க முடியாது. காகிதம் ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரம் மண் வெட்டும் இயந்திரங்கள் வருகின்றன. ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மண் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தயவுசெய்து அனுப்பு. தையல்காரம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாதம் இல்லை.

உன் அண்ணன்


மே 30

அண்ணனுக்கு,

வாசலில் நின்று பார்த்தீர்களா? நல்ல வழக்கம்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். தப்பு உங்களுடையது என்றால் நோட்டு எதற்கு? நான்தான் தப்பு செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறலாமே. நோட்டு வேண்டும் என்றால் தப்பு அவருடையதாக இருக்கலாம் என்று அர்த்தம். அதைத்தானே தேடுகிறீர்கள்?

அவர் மேலிடம் சொன்னதைச் செய்தார். நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மேசைக்கு நோட்டு கொண்டுவந்த ஆள் நல்ல பையன், குடிக்கமாட்டான் என்று சொல்லி எனக்குக் கட்டிவைத்ததும் நீங்கள்தான். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. கடைசி ஒன்பது வருடம் அவர் மண் தரையில் கால் வைக்கவில்லை. பேத்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் சிமெண்டு ஓரத்திலேயே நிற்பார். அவள் புல்லில் ஓடினால் அங்கிருந்தே கத்துவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை நீங்களும் சிரித்தீர்கள், மாப்பிள்ளைக்குச் செருப்பு அழுக்காகக் கூடாது என்று.

அவர் போய்விட்டார். அவருடைய பெயரை அந்த ஊர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஜன்னல் ஜன்னலாகக் கடத்திக்கொண்டிருக்க நான் விடமாட்டேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

தங்கை


ஜூன் 18

அன்புத் தங்கைக்கு,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நான் சிரித்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதை மார்ச்சிலேயே எழுதியிருக்கவேண்டும். இரண்டு கடிதங்களில் எழுதி எழுதி அடித்தேன். தையல்காரம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டிருக்கிறார். காற்றில் யாரோ வாடிக்கையாளரின் சட்டை பறந்து அந்த வெற்றிடத்தில் விழுந்திருக்கிறது. எடுக்கப் போனார். சுத்தம் என்று கையெழுத்தான இடம். வாய்க்கால் வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த வெடி என்று அலுவலகத்தில் எழுதி மூடிவிட்டார்கள்.

இங்கு வந்த இரண்டாவது வாரமே எனக்குத் தெரியும். அந்த அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். காரணத்தை அழகாக எழுதலாம். உண்மையான காரணம் பயம்தான்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"படம் நீங்க வரைஞ்சதா? அங்க கண்ணாடிப் பெட்டியில இருக்கே, அதா?"

"அதுதான். ஆனா அது பொய் இல்லம்மா. தப்பு."

"போன காலுக்கு அது தெரியுமா, பெரியவரே?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. கையிலிருந்த காலரை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"நாலு மாசமா இங்க உக்காந்து சாப்பிடுறீங்க. உப்பு கம்மின்னுகூட ஒரு நாள் சொன்னீங்க. அதுக்கு மட்டும் வாய் வந்துச்சு."

பெட்டியைக் கட்டுகிறேன் என்றேன். "கட்டிட்டு? போயிட்டா யாரு அந்த ஆபீஸ்காரன்கிட்ட சொல்றது, நானா?" என்றார். பிறகு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என் தங்கையிடம், தேடிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"மூணு மாசமாவா? அவங்க வீடென்ன அரண்மனையா?"

உனக்கு ஏதாவது எழுதவேண்டுமா என்று கேட்டேன். "உங்க தங்கச்சி, நீங்க எழுதுங்க. எனக்கு இருபது காலர் பாக்கி இருக்கு" என்று திரும்பிக்கொண்டார்.

அவர் கால் போன இடத்தை நேற்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கோணம் வைத்து அளந்தேன். என் வரிசையிலிருந்து முப்பத்தொரு மீட்டர், வீடுகளின் பக்கம். இதையும் பொறியாளரிடம் சொன்னேன். அது வெள்ளத்தில் வந்தது என்று ஃபைல் சொல்கிறது என்றார்.

தப்பு யாருடையது என்று நான் தேடவில்லை, அம்மா. இடத்தைத்தான் தேடுகிறேன். ஆனால் நீ சொன்னபிறகு எனக்கே சந்தேகம் வருகிறது. ஒருவேளை அது மாப்பிள்ளையுடையதாக இருந்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. இதையும் அடிக்காமல் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்


ஜூலை 3

பக்கம் இதனுடன் இருக்கிறது. பிளேடால் அறுத்தேன். மற்ற பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது.

எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக என்னவோ எழுதியிருக்கிறார். எனக்கு அது என்ன என்று தெரியாது. தெரிந்தால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.


ஆகஸ்ட் 27

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. நான் இப்போது குச்சி வைத்துக்கொண்டு நடக்கிறேன், வேறு குறையில்லை.

முதலில் நீ கேட்டது. அந்தப் பென்சில் எழுத்து 'திருத்தியது' என்பதன் சுருக்கம். அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சுருக்கம்தான். மாப்பிள்ளை ஐந்தைச் சரியாகக் கூட்டி, கூட்டிவிட்டேன் என்று எழுதியும் வைத்திருக்கிறார். அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை. அதன்மேல் நான் இன்னொரு ஐந்தைக் கூட்டினேன்.

பென்சில் மங்கலாக இருந்தது, கண்ணில் படவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அந்த எழுத்தைப் பார்த்திருப்பேன். பார்த்தும் நம்பியிருக்கமாட்டேன். அடுத்தவர் பூட்டிய கதவை எழுந்துபோய் இழுத்துப் பார்க்கிறவன் நான். களத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் கூட்டிய கணக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஒருமுறை கூட்டியிருப்பேன். கூட்டியபிறகு நிம்மதியாக டிக் போட்டிருப்பேன். இத்தனை வருடம், செய்யாமல் விட்டேனோ என்றுதான் பயந்தேன். செய்ததைத் திரும்பச் செய்திருப்பேன் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனேன். முழு நோட்டு எங்கே என்று கேட்டார். கரையான் என்றேன். படிவத்தில் 'கரையான்' என்று எழுதிக்கொண்டார். இயந்திரங்கள் வாசலில் வந்து நின்ற அன்றுதான் வேலையை நிறுத்தும் உத்தரவு வந்தது. ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதமுடியாது. பிறகு வெடி அகற்றும் பிரிவு வந்தது, எங்கள் தெருவைக் காலி செய்தார்கள். தையல்காரம்மாவும் நானும் பதினாறு நாள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில். அவர் மெஷினையும் தூக்கிவரச் சொல்லிவிட்டார். அதைத் தூக்கிவந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

வரிசை வீடுகளின் பக்கம், முப்பது மீட்டரில் இருந்தது. சிலது துணி துவைக்கும் கல்லுக்கு நாலடி தூரத்தில்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாப்பிள்ளையின் குறிப்பில் நாற்பத்தெட்டு. எடுத்தது நாற்பத்தேழு. கணக்கு நேராகாமல் இடத்தை ஒப்படைக்கமாட்டேன் என்று பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு நாள் தேடினார்கள். ஏழாம் நாள் தையல்காரம்மா என்னைக் கிளம்பச் சொன்னார். இருவருமாக அலுவலகத்துக்கு நடந்தோம். அவர் கட்டைக்கால், நான் குச்சி. அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் ஜன்னல், ஐந்தாம் ஜன்னல் எதையும் அவர் பார்க்கவில்லை. நேரே பொறியாளர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஒண்ணு என்கிட்ட வந்துடுச்சு. எழுதிக்குங்க."

பொறியாளர் மிகவும் தயங்கி, அது வெள்ளத்தில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறதே அம்மா என்றார்.

"வெள்ளம்னு எழுதினது நீங்க. நான் எழுதல. நாப்பத்தேழும் ஒண்ணும் எத்தனை?"

பொறியாளர் பழைய ஃபைலை எடுத்துவர ஆளனுப்பினார். அந்த ஆள் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் தையல்காரம்மா எழுந்திருக்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. படிவத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், தொழிலும் எழுதவேண்டும் என்றார்கள். நான் என் முழுப் பெயரை எழுதி, அதன் கீழ் 'அந்தப் படத்தை வரைந்தவர்' என்று எழுதினேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டதால் இரண்டாவது படிவம் வாங்கவேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"பின்னறையில குடியிருக்கறவர்னு போடுங்க. நேரமாகுது" என்றார் அவர்.

மன்னித்தாரா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவும் மாட்டேன். அருங்காட்சியகத்தில் 'பொய்' என்ற அட்டையை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். குழு கூடி முடிவு செய்யுமாம். குழு எப்போது கூடும் என்பதை முடிவு செய்ய இன்னொரு குழு.

என் வேலை முடிந்தது. செப்டம்பர் இருபதாம் தேதி பேருந்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் உன் வீட்டுக்குத்தான் முதலில் வருவேன். திட்டுவதை அப்போது திட்டிக்கொள்.

உன் அண்ணன்


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இரத்த அழுத்தத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால்தானே ஏறும்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். 'அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை' என்ற வரியை மட்டும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு அவள் அலுவலகம் போனதும் முழுவதையும் நானே திரும்பப் படித்தேன். அந்தத் துவைக்கும் கல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அண்ணா, இந்த வீட்டில் கரையானே கிடையாது.

நோட்டை முழுதாக அனுப்புகிறேன். நான் அறுத்த ஒரு பக்கம் போக, படம் போட்ட பக்கங்கள் இன்னும் ஐந்து இருக்கின்றன. ஐந்தும் வேறு வேறு இடங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயரும் பிரிவும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. அதை அறுக்கவில்லை. எந்த ஜன்னலில் கேட்டாலும் காட்டுங்கள்.

எண்களுக்குப் பக்கத்தில் அந்தப் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டில் இருக்கிறது. மூன்றில் இல்லை. இல்லாதவற்றில் நீங்கள் கூட்டியது சரியாகத்தான் இருக்கும். இருக்கிற இரண்டில் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இருபதாம் தேதி வரவேண்டாம். சீட்டை மாற்றுங்கள்.

நாலாவது பக்கத்தில் அந்தப் பென்சில் எழுத்து இருக்கிறது. ஆனால் ஊரின் பெயர் தண்ணீர் பட்டு மங்கியிருக்கிறது, என்னால் படிக்கமுடியவில்லை. ஒரு பாலமும் ஒரு கிணறும் தெரிகின்றன. அது எந்த இடம் என்று கண்டுபிடித்து எழுதுங்கள். இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றனவா என்றும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை